உப்புக் கண்

எங்கள் தெருவில் யாருக்காவது கண் சிவந்திருந்தால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மரக்காணம் உப்பளத்தில் தை மாதம் வேலை தொடங்கினால் ஆவணி வரைக்கும் எல்லோருக்கும் கண் சிவப்புதான். கீழே உப்பு வெள்ளை, மேலே வெயில், நடுவில் நாங்கள். பத்து மணிக்கு மேல் பாத்தியைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி நிற்கும். அந்தப் பூவைச் சாமிக்கு வைப்பார்களோ இல்லையோ, ராத்திரி தண்ணீரில் நனைத்துக் கண்மேல் வைத்துக்கொள்வார்கள். இந்தச் சிவப்புக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் உப்புக் கண்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நானும் என் அத்தை மகனும் பத்து மாதம் கஞ்சா அடித்துவிட்டு ஒருத்தரிடமும் மாட்டாமல் திரிந்தது இந்த உப்புக் கண்ணை வைத்துத்தான். "எவனாவது கேட்டா உப்புக் கண்ணுன்னு சொல்லுடா" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பெரிய மூளைக்காரன்!

2004 டிசம்பரில் அலை வந்தது. எங்கள் பாத்திகளில் கடல் சேறு ஏறிக்கொண்டது. மற்ற வருடங்களில் பொங்கல் முடிந்ததும் அளத்தில் இறங்கிவிடுவோம். அந்த வருடம் சேற்றை வாரிப் போடவே மூன்று மாதம் ஆனது. முதலாளிகள் ஆள் கூப்பிடவில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, பத்தொன்பது. வீட்டில் இருந்தால் திட்டு விழும். வெளியே போனால் போக ஓர் இடமும் இல்லை. சவுக்குத் தோப்பில் போய் உட்கார ஆரம்பித்தோம். அங்கேதான் உப்பு லோடு ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்த ஒருவன் வருவான். எங்களைவிட நாலைந்து வயது பெரியவன். பீடித் தூளை உதிர்த்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து அதிலிருந்ததைப் பீடிக்குள் அவன் அடைக்கும்போது நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம்.

"டேய், இது இன்னா சாராயமா? மூலிகைடா. சிவனுக்கே ஒகந்தது. சாமியாருங்க அடிக்கிறாங்க, எவனாவது பொண்டாட்டிய அடிச்சானா? ரோட்டுல உழுந்து கெடந்தானா?"

என் அப்பா குடிகாரர். ரோட்டில் விழுந்து கிடந்தவர்தான். அவரைப் போல ஆகக் கூடாது, குடியைத் தொடக் கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தேன். அந்த முடிவை நான் மீறவில்லை என்ற பெருமையோடுதான் முதல் பீடியை வாங்கினேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பெருமையாக இருந்தது.

அத்தை மகன் வேண்டாம் என்றான். ஒருமுறை இல்லை, நாலு நாள் வேண்டாம் என்றான். "அப்ப போயி உங்கம்மா மடியில படுத்துக்கடா" என்றேன். தோப்புக்கு வந்த மற்ற பையன்கள் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் வாங்கிக்கொண்டான். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு அவன் முதுகைத் தட்டிக்கொடுத்ததும் நான்தான்.

சித்திரையில் அளத்து வேலை தொடங்கியபோது இன்னொரு நம்பிக்கை சேர்ந்துகொண்டது. ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கினால் கண் கூசாதாம். கூழ் குடிக்கிற நேரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்குவோம். திரும்பி வந்ததும், "இன்னா மச்சான், கூசுதா?" "சுத்தமா கூசல மச்சான்!" எனக்குக் கூசியது. மற்றவர்களுக்கும் கூசியிருக்கும். ஆனால் கூசுகிறது என்று சொன்னவனுக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: "உனக்கு இன்னும் ஏறல, இழு." அதனால் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனால், அத்தை அவனைப் பாயில் படுக்கவைத்து இரண்டு கண்ணிலும் நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கொண்டு இருக்கும். "எம் புள்ள கண்ணு கோவப்பழமா செவந்துபோச்சே, இந்த அளம் பாழாப் போவ" என்று அளத்தைத் திட்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அவன் சிரிக்கமாட்டான். பூவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பான்.

அந்த வருடம் மழை ஊரையே முழுக்காட்டிவிட்டது. ஆவணி தாண்டியும் நீண்ட வேலை ஐப்பசியில் நின்றுபோனது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் அளம் முழுவதும் மழைத்தண்ணீர். நாங்கள் விடவில்லை. கார்த்திகையில் ஒரு மத்தியானம், என் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது.

"அளமே தண்ணில முழுவிக் கெடக்குது. உங் கண்ணுல எங்கருந்துடா வந்துது உப்பு?"

"மெட்ராஸ் ஐம்மா."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாவா? பத்து மாசமாவா?"

கரண்டியைச் சோற்றிலேயே போட்டுவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடியது. இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். கூரை ஓலையில் நாங்கள் செருகி வைத்திருந்த பொட்டலம் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மாமா, அதாவது அவன் அப்பா, அவனை மாட்டுக் கயிற்றால் அடித்தார். அத்தை அழவில்லை. வாசலுக்குப் போய் நந்தியாவட்டைச் செடியை வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தது. "பூ வெச்சனே, தெனம் பூ வெச்சனே" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது.

மறுநாள் இருவரையும் அய்யனார் கோயிலுக்கு இழுத்துப்போய், சூடம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சூடத்தை அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் சாமி கேட்கும் என்பார்கள். அவன் உள்ளங்கையால் அணைத்தான், கை பொசுங்கியது. நானும் அணைத்தேன். ஆனால் மனசுக்குள், "மழை முடியிற வரைக்கும்தான் சாமி" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டேன். சாமியையே ஏமாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவன் நிஜமாகவே விட்டுவிட்டான். கீழ்புத்துப்பட்டுப் பக்கம் அவனுக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். விஷயம் அவர்கள் காதுக்குப் போய், ஒரு வருடம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் மட்டும் விட்டான் என்றும் சொல்ல முடியாது. அத்தை செடியைப் பிடுங்கியதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். 2006 தையில் வேலை தொடங்கியபோது நாங்கள் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினோம். அவன் பெண்களோடு உட்கார்ந்து கூழ் குடித்தான். "சாமியாரே" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தோம். அவன் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் செய்கிறார்கள், விட முடியாது, விட்டவன் எவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இவன் ஒருத்தன் எதிரே உட்கார்ந்து கூழ் குடித்து அதைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தான். நான் விடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். என் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள், கோடிப் பாத்தியில் தனியாக நின்று, அடியில் இறுகிப்போன உப்பைக் கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தான். ஒரு சில்லு தெறித்து வலது கண்ணில் அடித்தது. பக்கத்தில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கண்ணைக் கழுவிக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் வீடே பதறியிருக்கும். இப்போது சிவந்த கண்ணோடு ஒருவன் வந்து உப்பு என்று சொன்னால் தெருவே சிரிக்கும். எங்களால்தான் அப்படி ஆனது. "உப்பு தெறிச்சிடுச்சிப்பா" என்று அவன் சொன்னதும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை அவர் நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அத்தை, "இன்னும் எத்தினி தடவடா என்ன முட்டாளாக்குவ?" என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டது. பொட்டலம் வாங்கிவிடுவான் என்று அவன் கூலியை மாமாவே நேரே போய் வாங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குக்கூட அவன் கையில் காசு இல்லை.

மூன்றாம் நாள் காலையில் என்னைத் தேடி வந்தான். வரப்பில் நின்றோம். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கையால் இமையைப் பிரித்துக் காட்டினான்.

"மச்சான், நான் தொடல. அம்மா மேல சத்தியமா தொடல. ஊசி குத்துற மாதிரி வலிக்குது. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவணும். நீ ஒரு வார்த்த அப்பாகிட்ட வந்து சொல்லு. நீ சொன்னா நம்புவாரு. அடிக்கிறவங்ககூட நான் இல்லன்னு உனக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும். அதில்தான் வந்தது வம்பு. இவன் அடிப்பதில்லை என்று நான் போய்ச் சொன்னால், உனக்கு எப்படிடா தெரியும், அப்போ அடிப்பவர்களோடு நீ இருக்கிறாயா என்று கேட்பார் மாமா. சாயங்காலத்துக்குள் என் அம்மா காதுக்குப் போய்விடும். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். வலது கண் ரத்தமாக இருந்தது. இடது கண் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. கஞ்சா அடித்தால் இரண்டு கண்ணும் சிவக்கும். ஒரு கண் மட்டும் சிவக்கும் கஞ்சா இந்த உலகத்தில் கிடையாது. அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"யார்கிட்ட கத உடுற? எங்கிட்டயேவா?" என்று சிரித்தேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டைக் கண்ணை மறைக்கிற மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினான். வேலைக்குப் போகாமல் இருந்தால் போதையில் கிடக்கிறான் என்பார்கள் என்று, அடுத்த ஆறு நாளும் அந்த வெளிச்சத்தில் நின்று உப்பு வாரினான். மெடிக்கலில் கடன் சொல்லி ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டானாம். தினமும் பார்த்தேன். தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூழ் நேரத்தில் குவியலுக்குப் பின்னால் போனேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அத்தை போட்ட அலறலில் தெருவே கூடியது. தூங்கிக்கொண்டிருந்தவன் முகத்தை அன்றைக்குத்தான் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறது. கருவிழியில் அரிசி அளவுக்கு வெள்ளை படர்ந்து, கண் ஓரத்தில் சீழ். மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடி அதே பஸ்ஸில் ஏறினேன். கூனிமேடு தாண்டும்போது, "நீ இவன்கூடதானடா இருந்த? உனக்கும் தெரியலியா?" என்று மாமா கேட்டார். தெரியவில்லை என்றேன்.

உப்புச் சில்லு கிழித்த காயம், ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கும் என்றார் டாக்டர். மாமா ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கண் போனது. கீழ்புத்துப்பட்டுப் பெண் வீட்டார் ஆள் அனுப்பிப் பேச்சை முறித்துக்கொண்டார்கள். டாக்டர் சொன்னதை மாமா ஊரில் எல்லோரிடமும் சொன்னார். பெற்றவன் மூடி மறைக்கிறான் என்று ஊர் தலையை ஆட்டியது. "கஞ்சாவுல கண்ணே போச்சி பாத்தியா. நல்லவேள, நீ விட்ட, பொழச்ச" என்று என் அம்மா என் தலையைத் தடவியது. அன்றைக்கும் என் சட்டைப் பையில் பொட்டலம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் விட்டேனா என்று கேட்பீர்கள். விட்டேன், நாலு வருடம் கழித்து, அதுவும் நெஞ்சு வலிக்குப் பயந்து. அவனுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. அளத்து வேலைக்குப் போவதில்லை. ரோட்டோரம் இளநீர்க் கடை போட்டிருக்கிறான். எங்கள் தெருவில் வளரும் பையன்களை மிரட்ட இன்றைக்கும் அவனைத்தான் காட்டுகிறார்கள்.

போன வருடம் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இருவரும் குளத்தில் குளித்துவிட்டுக் கரையில் நின்றோம். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்:

"எம் பொண்ணு கேக்குது மச்சான். கஞ்சா அடிச்சிதான் உனக்குக் கண்ணு போச்சாப்பான்னு."

நான் துண்டைப் பிழிந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது. அன்னிக்கி வரப்புல காட்டுனனே, நெசமாவே நீ நம்பலியா?"

அத்தனை வருடம் கழித்து, யாரும் யாரையும் அடிக்கப் போவதில்லை. என் அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

"நம்பல மச்சான்" என்றேன்.

"அப்ப சரி. நம்பாதவன இன்னான்னு கேக்கறது" என்றான். என்னை முழுசாகப் பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருப்பி, நல்ல கண்ணை என் பக்கம் கொண்டுவந்து இதைச் சொன்னான். நான் குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.