வாசலுக்கு வெளியே நின்ற வின்ச்காரர்

துறைமுக வாசலில் தினமும் காலை ஏழு மணிக்கு அவர் நிற்பார். கப்பல்களில் சரக்குத் தூக்கும் வின்ச் இயக்கிய உயரமான மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. காவலாளி திரும்பிப் பார்த்தால் போதும், அவருடைய கை தன்பாட்டில் சேட்டுப் பைக்குப் போகும். பை வெறுமையாக இருக்கும். வேலையை விட்ட அன்றே, வழக்கப்படி, துறைமுகத்துக்குள் நுழையும் பாஸை ஒப்படைத்துவிட்டார். அவருக்கு நான்கு மாதச் சம்பளம் தரவேண்டிய கொந்தராத்துக்கார முதலாளியின் கந்தோர் அந்தத் துறைமுக வாசலுக்கு உள்ளே இருந்தது. முதலாளியின் காரோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டே அவரைக் கடந்து போகும்.

அந்தக் கந்தோரில் நான் கிளாக்கர். ஒருநாள் முதலாளியிடம் அவருக்காகக் கேட்டேன்.

"வந்து வாங்கச் சொல்லும். நான் மாட்டன் எண்டு சொன்னனானோ?"

"அவரிட்டைப் பாஸ் இல்லை ஐயா."

"விட்டிட்டுப் போன ஆளுக்கு நான் பாஸ் எடுத்துக் குடுக்க ஏலுமோ?" கோபமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் வாசலில் அதை அப்படியே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அரசாங்கத் தொழில் கந்தோரிலையும் முறைப்பாடு குடுத்தனான், தம்பி. முதலாளி ஊரிலை இல்லையெண்டு உங்கடை கந்தோரிலையிருந்து பதில் வந்தது."

அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

"உங்களுக்குச் சம்பளம் ஒழுங்காய் வருதோ?" என்று கேட்டார்.

"மூண்டு மாசமாய் இல்லை."

"அப்ப பாஸை மட்டும் குடுத்திடாதேங்கோ."

என் சேட்டுப் பைக்குள் பாஸும், அதன் பின்னால் முதல்நாள் இரவு எழுதிய விலகல் கடிதமும் இருந்தன. பாஸை மட்டும் எடுத்துக் காவலாளியிடம் காட்டினேன்.