விளம்பரத்து வீரன்

மாங்குளம் சந்தியில் தையல்கடை வைத்திருக்கும் சுமித்திராவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கொண்டுவந்த படத்தில் என்ன இருக்கிறதோ, அதை இம்மி பிசகாமல் தைத்துவிட வேண்டும்.

தன் மகனின் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் வினோத உடை நிகழ்ச்சி என்று சொல்லி, விமலேஸ்வரி ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாளோடு வந்தாள். எண்பதுகளில் வந்த வீடியோ கேம் ஒன்றின் விளம்பரம் அது. தங்கத் தோள்கவசமும் முதுகில் பறக்கும் சிவப்புத் துணியுமாக ஒரு விண்வெளி வீரன் வாளை ஓங்கி நின்றான். சுமித்திரா ரெக்சின் வெட்டி, சரிகை வைத்து, கவசம் நிமிர்ந்து நிற்கும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

கிடைத்தது ஆறுதல் பரிசு. அந்த வீடியோ கேமைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர்தான் நடுவர். வேசம் ஒத்துவரவில்லை என்று அவர் போனில் எடுத்துக் காட்டிய அசல் கேமை, விமலேஸ்வரி கடைக்கே வந்து தன் போனில் காட்டினாள். கறுப்புத் திரையில் நாலைந்து பச்சைச் சதுரங்கள் துள்ளின.

"இதுவோ அந்த வீரன்?" சுமித்திராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாலு காட்போட் பெட்டியைக் கட்டிவிட்டிருந்தா முதற்பரிசு எடுத்திருப்பான். இல்லாததைக் கீறிக் காட்ட இவங்களுக்கு வெக்கமில்லையோ?"

விமலேஸ்வரி கடைவாசல் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். முத்தும் கல்லும் பதித்த பிளவுசோடு அதில் ஒரு மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்பிடி ஒண்டு எப்பவாவது தைச்சனீங்களோ?"

சுமித்திரா பள்ளிக்கூடச் சட்டையொன்றை எடுத்து மெஷினில் வைத்தாள்.

"அது ஆக்கள் வாறதுக்கு," என்றாள்.