ஒரு கோட்டுத் துணியில் இரண்டு கோட்டு

என் அக்காவின் கணவரைத் தையல் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளச் சீட்டில் அவர் கட்டிங் மாஸ்டர். ஊர் வாயில் ‘சிக்கனம்’. “சிக்கனம் வந்தாச்சா?”, “சிக்கனம் டீ குடிக்கப் போயிருக்கு” என்றுதான் பேச்சு. மழையில் குடையை விரித்தால் துணி நைந்துவிடும் என்று இரண்டு துளிகளுக்கு நடுவே புகுந்து நடந்து வருவார். தும்மல் வந்தால் பாதியைத் தும்மிவிட்டு மீதியை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்வார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

ஆனால் அந்தப் பெயர் காசு விஷயத்தில் வந்ததல்ல. சிக்கனம் என்ற சொல்லுக்குப் பின்னால் ‘சிக்கென’ நிற்கிறது என்பார்கள் படித்தவர்கள். சிக்கென என்றால் இறுக்கமாக, நெகிழாமல். உடம்பை இறுக்கமாக வைத்திருப்பவளை இன்றும் ‘சிக்குன்னு இருக்கா’ என்கிறோமே, அந்தச் சிக்குத்தான். காசை இறுக்கிப் பிடிப்பது அதில் ஒரு வகை, அவ்வளவே. கருமி கையை மூடுகிறான்; சிக்கனக்காரன் இடைவெளியை மூடுகிறான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியவர்களில் முதல் ஆள் என் அப்பா.

பட்டறையின் நீள மேசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதுக் காக்கித் துணியின் கஞ்சி வாசனை, இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழும் ஆவி, ஓயாத மெஷின் சத்தம். அதற்கு நடுவே அத்தான், துணி அடுக்கின் மேல் அளவுக்கு வெட்டிய மாதிரி அட்டைகளைப் பரப்பிவிட்டு, நெரிசல் பேருந்தில் ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ என்று சொல்கிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் நெருக்குவார். கை அட்டையின் வளைவுக்குள் காலர் போய் உட்காரும். இரண்டு கால்களுக்கு நடுவே பாக்கெட் ஒண்டிக்கொள்ளும். வெட்டி முடித்தபின் தரையைக் கூட்டினால் சாக்குக்கட்டித் தூள்தான் வரும்.

அக்கா அங்கே காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற வேலை. அவளைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக அவர் தன் தங்கையிடம் சொல்லி அனுப்பினார். தபால் நிலையத்தில் முத்திரை குத்திக் குத்தி, வீட்டிலும் குத்தியே பேசிப் பழகிய அப்பா, காப்பி டம்ளரை ணங்கென்று வைத்தார்.

“கஞ்சனுக்குப் பொண்ணக் குடுத்தா அவ சிரிக்கறதுக்கே அனுமதி வாங்கணும்.”

“ஆமா, நீங்க பெரிய வள்ளல்,” என்றாள் அம்மா. “கல்யாணத்தப்ப போட்ட செருப்பு இன்னும் வாசல்ல கெடக்கு. மொதல்ல அந்த ஆளோட கையப் பாருங்க. குளிருக்கு இவளுக்குக் கோட்டுத் தைக்க வாங்கின வெல்வெட்ட அவர்கிட்டயே குடுங்க.”

அத்தானுக்குப் பிழைப்பே போனாலும் இன்னொரு பட்டறை கிடைத்துவிடும். அக்கா போனால் இன்னொரு அக்கா இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. மறுபேச்சில்லாமல் துணியை வாங்க வந்தார்.

“ஒரு கோட்டுக்குத்தான் துணி,” என்றார் அப்பா, எச்சரிக்கை போல.

அத்தான் துணியைப் பார்த்தார். முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்த அம்மாவின் பழைய கோட்டைப் பார்த்தார். துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது கையில் இரண்டு கோட்டுகள். ஒன்று அக்காவுக்கு, ஒன்று அம்மாவுக்கு.

“அதெப்படி?” அப்பாவுக்கு வாய் மூடவில்லை.

“நெருக்கி வெச்சேன் மாமா.”

“மாமாவெல்லாம் இருக்கட்டும்,” என்றார் அப்பா. ஆனாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

மறுநாள் காலை அம்மா புதுக் கோட்டோடு தெருவில் இறங்கினாள். வெயில் பட்டதும் வந்தது வினை. முன்பக்கம் வெளிறிய ரோஜா நிறம், முதுகு கருஞ்சிவப்பு. வெல்வெட்டை ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் முரண்டும். வெளிச்சமும் அதில் அப்படியேதான் விழும். எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கம் தலைவைத்து வெட்ட வேண்டும். அவரோ இடத்தை மிச்சம் பிடிக்க, முதுகுத் துண்டைத் தலைகீழாகச் சொருகியிருந்தார். பட்டறை விளக்கில் அது தெரியவில்லை.

“முன்னாடி வந்தது நீங்களா, பின்னாடி போறது உங்க தங்கச்சியா?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

“என் பொண்டாட்டியப் பாதி வெயில்லயும் பாதி நிழல்லயும் நிக்க வெச்சுட்டான்,” என்று அப்பா கொதித்தார். “இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிடு.”

அக்காதான் பட்டறையில் போய்ச் சொன்னாள். அன்று சாயங்காலமே அவர் வந்துவிட்டார், கக்கத்தில் புது வெல்வெட்டோடு.

“தெரியாமப் பண்ணலம்மா,” என்றார் அம்மாவிடம். “தலைகீழா வெக்கக் கூடாதுன்னு நல்லாவே தெரியும். ரெண்டு கோட்டு வரும்னு கண்ணுல பட்டதும் கை சொன்ன பேச்சு கேக்கல.”

கூடத்துத் தரையிலேயே துணியை விரித்தார். அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். எல்லா அட்டைகளும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்தன. நடுவில் எங்கே பார்த்தாலும் காலி இடம், குழந்தை புரண்டு விளையாடலாம் போல. கத்தரி ஓட ஓட நல்ல துணி துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. பல் பிடுங்கிக்கொள்கிறவர்கள்கூட அத்தான் மாதிரி முகம் சுளிக்க மாட்டார்கள்.

“வலிக்குதா?” என்று கேட்டாள் அக்கா.

“ரொம்ப.”

அக்கா சிரித்தாள். அனுமதி எதுவும் கேட்கவில்லை.

அப்பாவுக்கோ விழுந்த துண்டுகளைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. “இப்படித் துணிய வாரி எறைக்கிறவனுக்கா பொண்ணக் குடுக்கறது? குடும்பம் உருப்படுமா?”

“அன்னிக்குக் கஞ்சன், இன்னிக்கு ஊதாரியா?” என்றாள் அம்மா. “ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி மாப்பிள்ளை தேடறேன்.”

அப்பா குனிந்து, விழுந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“இனிமே வெல்வெட்டு வெட்டறதா இருந்தா என்னக் கூப்பிடுங்க,” என்றாள் அக்கா அத்தானிடம், துணியின் முனையை விடாமலே. “தனியா வலிய அனுபவிக்க வேண்டாம்.”

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போனார். எங்கள் வீட்டில் சம்மதத்துக்கு அதற்கு மேல் சத்தம் கிடையாது.