பூச்சுக்காரரின் சொந்த வீடு

என் தங்கையின் கணவரை எல்லோரும் பூச்சுக்காரர் என்றுதான் அழைத்தார்கள். சுவர் பூசுவது அவர் தொழில். யாராவது கொத்தனார் என்றுவிட்டால் உடனே திருத்துவார். "கல்லை அடுக்குறவன் கொத்தனார். நான் அதுக்குச் சட்டை தைக்கிறவன்." மலைச்சரிவில் வசதியுள்ளவர்கள் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை அவர் கை பட்டவை. அவருடைய சொந்த வீட்டில் மட்டும் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அது சரிவைக் குடைந்து கட்டிய வீடு. பின்சுவருக்கு அப்பால் வெறும் மண். முன்ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. கூடத்திலிருந்து ஒரு படி இறங்கினால் சமையலறை, அங்கிருந்து குறுகிய நடை, அதன் கோடியில் படுக்கையறை. மழைக்காலத்தில் பின்சுவர் வியர்க்கும். அதைத் துடைத்துக்கொண்டே என் தங்கை சொல்வாள்: "ஊரான் வீட்டுச் சுவருக்கெல்லாம் பட்டுச்சட்டை. நம்ம சுவருக்கு ஒரு கோவணம்கூட இல்ல."

"உனக்குப் பண்றப்ப பாரு. எவன் வீட்டுலயும் இருக்காது."

"அதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்."

அப்படியே ஆயிற்று. மகளைக் கட்டிக்கொடுத்து, அவளுக்கும் பிள்ளை பிறந்த பிறகுதான் அவர் தன் வீட்டில் சாந்து குழைத்தார். அதற்கு முந்தின வேலை ஓர் இளம் தம்பதியின் வீடு. மங்கலாக, பழுப்பாக, கதகதப்பாக வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்த வீடு அவரை மயக்கிவிட்டது. "உள்ள போனா யாரோ கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கு மச்சான். வெளிச்சத்தைக் கம்மி பண்ணினாத்தான் சுவரு பேசுது" என்றார்.

"பேசுற சுவரு எதுக்கு மாப்பிள்ளை? வீட்டுல என் தங்கச்சி பேசுறது போதாதா?"

"அதைச் சொல்லுங்க!"

எந்த வேலையிலும் அவர் அப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு பூச்சு. கூடத்தில் செம்மண்ணும் பருமணலும் கலந்து மரப்பட்டை போலச் சொரசொரப்பு. நடையில், ஈரம் காயுமுன் மரச்சீப்பால் இழுத்த நீளக் கோடுகள். சமையலறையில் சாக்குத்துணியை ஒற்றி எடுத்த நெசவு. படுக்கையறையை மட்டும் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துத் தோல் போல ஆக்கினார். தரைக்குக் கருஞ்சிவப்பு. விளக்குகளைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, அவற்றின் மேல் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்தார். அந்தி நேரத்தில் அந்த வீட்டில் நுழைந்தால் நமக்கே குரல் தாழ்ந்துவிடும். அத்தனை அழகு.

வேலை தொடங்குமுன்பே தங்கைக்குக் கண் ஓரங்களில் புகை படிந்தாற்போல் இருந்தது. டாக்டரிடம் போகச் சொன்னேன். "வீட்டு வேலை முடியட்டும் அண்ணே. இந்தத் தூசியில புதுக் கண்ணாடியை வாங்கி என்ன பண்றது?" என்றாள். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

வேலை முடிந்தது. டாக்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மங்கலான வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம்தான் தெரியும். அவளுக்கு அதைவிடக் குறைவாகத் தெரிந்தது யார் கண்ணிலும் படவில்லை. டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். சமையலறைப் படியில் தடுக்கினாள்.

"ஏங்க, ஒண்ணுமே தெரியமாட்டேங்குது."

"லைட்டு கம்மிம்மா. அதான் இதோட அழகே. கண்ணு பழகிடும்."

அவள் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கப் பழகினாள். கூடத்திலிருந்து என்னிடம் அதைக் காட்டி அவர் கிசுகிசுத்தார்: "பாருங்க மச்சான், தடவிக்கிட்டே போறா. இத்தனை வருஷத்துல நான் செஞ்ச எதையும் அவ இப்படித் தொட்டதில்ல." அவர் முகம் அன்று கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அவள் அந்தப் படியில் விழுந்தாள். கை முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர் முகத்துக்கு நேரே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருந்தது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்ற முயலலாம், முன்பே வந்திருந்தால் நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார் கண் டாக்டர்.

"எவ்வளவு முன்னாடிங்க?" என்று பூச்சுக்காரர் கேட்டார்.

"போன வருஷமே."

போன வருஷம் அவர் கூடத்துக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், "மச்சான், அவளை உங்க வீட்டுல வச்சுக்குங்க. வீட்டை வெள்ளையாக்கிட்டுக் கூட்டிட்டுப் போறேன். இருக்குற கண்ணுக்காச்சும் வெளிச்சம் வேணும்" என்றார். மலைப்பாதையில் இரண்டு வளைவு கீழே என் வீடு. உளிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். தங்கை சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். "அவ்வளவு பாடுபட்டுப் பூசினாரு அண்ணே. எப்படி மனசு வந்து உடைக்கிறாரோ" என்பாள்.

நான் போய்ப் பார்த்தேன். சொரசொரப்பையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, வெள்ளைப் பட்டிமாவு பூசி, உப்புத்தாளால் இழைத்துக்கொண்டிருந்தார். மேடுபள்ளம் இருந்தால் நிழல் விழும், கண்ணாடி மாதிரி இருந்தால்தான் வெளிச்சம் திரும்பி வரும் என்று விளக்கினார். தொழில்படி அது சரி. புருவம் வரை வெள்ளைத் தூசி. அவரே ஒரு சுவர் போல நின்றார்.

அவளைக் கூட்டிப் போனது பளிச்சென்று வெயில் அடித்த காலை. கூடமே கூசியது. அவள் வாசலைத் தாண்டியதும் வழக்கம்போலச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நாலடி நடந்தாள். நின்றாள். திரும்பி மறுபக்கச் சுவரைத் தொட்டாள்.

"இது எந்த இடங்க?"

"நம்ம கூடம்தாம்மா."

"நடை எந்தப் பக்கம்? எல்லாம் ஒரே மாதிரி வழவழன்னு இருக்கே. முன்னாடி கை வச்சா தெரியும். கோடு வந்தா நடை, சாக்கு வந்தா அடுப்படி."

அவர் ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறந்தார். பிறகு, "வெளிச்சம் தெரியலையாம்மா?" என்று கேட்டார்.

"தெரியுதே. எல்லாப் பக்கமும் தெரியுது."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பப் பூசிவிடுகிறேன், பழையபடியே பூசிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள், அவர் குரல் வந்த திக்கில் குனிந்து, "போதுங்க. எத்தனை தடவைதான் உடைப்பீங்க? எனக்கும் எத்தனை தடவைதான் படிக்க முடியும்?" என்றாள். அதில் கோபமில்லை. இருந்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் தனியாக நடக்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எழ வேண்டுமென்றால் கூப்பிடுவாள். அவர் வந்து கையைப் பிடிப்பார். அதற்காக வெளிவேலையை விட்டார். கூப்பிடு தூரத்தைத் தாண்டி அவர் போனதாக எனக்கு நினைவில்லை. சொட்டு மருந்தும் பலிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் எல்லாப் பக்கமும் தெரிந்த வெளிச்சமும் போய்விட்டது. அதை அவளும் உடனே சொல்லவில்லை. மேகம் மூடிய ஓர் அந்தியில், விளக்கு எரியாத அறையில் அவள், "இன்னைக்கு நல்ல வெளிச்சம்" என்று சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் நான் போயிருந்தேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. என்னைப் பார்த்து, பேசாதீர்கள் என்று தலையசைத்தார்.

"ஏங்க, இருக்கீங்களா?" என்றாள் தங்கை.

வாயைத் திறந்தால் அழுகை வெளியே வந்துவிடும். அவர் திறக்கவில்லை.

அவள் சற்றுக் காத்திருந்தாள். பிறகு அவர் நின்ற பக்கமாகக் கையை நீட்டித் துழாவினாள். ஒரு சாண் தள்ளி, சுவர்தான் அகப்பட்டது.