கை திரும்பாத டிரைவர்

எங்க வீட்டுக்காரர் ரயில் ஓட்டுறதுல புலி. ஆனா எஞ்சினுக்கு ஏது ஸ்டீரிங்? தண்டவாளம் வளைஞ்சா வண்டியும் தானா வளையும். இவர் வேகத்தைக் கூட்டணும், குறைக்கணும், ஹாரன் அடிக்கணும், அவ்வளவுதான்.

எங்க கிளைப்பாதையில ஓடினது ரெண்டு பெட்டி வண்டி. கடைசி வருஷங்கள்ல ஏறின ஆளுங்களைவிட தண்டவாளத்துல மேய்ஞ்ச ஆடுங்கதான் அதிகம். பாதையை மூடிட்டு, பதிலுக்கு ரயில்வேக்காரங்களே பஸ் விட்டாங்க. "பஸ் லைசென்ஸ் வாங்கினா இங்கேயே ஓட்டலாம். இல்லேன்னா தூரத்துக்கு மாத்தல்"னு அவர்கிட்ட சொல்லிட்டாங்க. என் தையல் கடை, வாடிக்கை எல்லாம் இங்க. அதை விட்டுட்டு நான் எங்க போக? அவர் தனியாத்தான் போகணும்.

முதல் டெஸ்ட்ல ரோடு வலப்பக்கம் திரும்புச்சு. இந்த மனுஷன் உடம்பை மட்டும் சாய்ச்சுக்கிட்டு, கையை அசைக்காம, பஸ்ஸை நேரா வயலுக்குள்ள விட்டுட்டார். கேட்டா, "பழக்க தோஷம்"னு இளிக்கிறார்! எனக்கு வந்துச்சே கோபம். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில உட்கார வச்சு, சட்டி மூடியைக் கையில குடுத்தேன்.

"வலது பக்கம் வளைவு, திருப்புங்க!"

"அடுப்படியில ஏதுடி வளைவு?"

"வாயை மூடிட்டுத் திருப்புங்க!"

தினமும் துணி வெட்டிக்கிட்டே நான் கத்துவேன், அவர் முனகிக்கிட்டே திருப்புவார்.

அடுத்த டெஸ்ட் அன்னைக்கு எனக்கு இருப்புக் கொள்ளல. கத்தரிக்கோலைப் போட்டுட்டு அந்த வளைவுக்கே ஓடினேன். பஸ் வருது. உடம்பு சாயுது, கை அசையல.

"திருப்புங்க!"ன்னு போட்டேன் ஒரு சத்தம்.

திருப்பிட்டார். ஆனா பதறிப்போய் வண்டியையும் நிறுத்திட்டார். டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி ஜன்னல்ல எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

"டிரைவர் சம்சாரம் சார்."

"இன்னும் நிறைய வளைவு இருக்கே. எல்லாத்துக்கும் ஓடி வருவீங்களா?"

பஸ் போயிடுச்சு. நானே காரியத்தைக் கெடுத்துட்டேனோன்னு அங்கேயே நின்னேன்.

ஒரு வழியா பஸ் திரும்பி வந்துச்சு. ரெண்டு கையும் அசைய, அந்த வளைவுல அழகா ஒடிச்சுத் திருப்பி, என் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தினார். "பாஸ்தாம்மா, இனிமே தொண்டைக்கு ஓய்வு குடுங்க"ன்னு அதிகாரி சிரிச்சார்.

எஞ்சின்ல ஒரு தடவை ஏத்துங்கன்னு கல்யாணமான புதுசுலேர்ந்து கெஞ்சியிருக்கேன். சட்டம் ஒத்துக்காதும்பார்.

"ஏறுடி, முன் சீட்டு உனக்குத்தான்"னார் இப்ப.

"என்னைப் பாக்காம ரோட்டைப் பாருங்க"ன்னு அதட்டிக்கிட்டே ஏறினேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு.