வெறுங்கால் தீர்க்கதரிசி

இலெஷாவில் கோகோ லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஃபாசுயி, பிரேக் பிடிக்காமல் மலைச்சரிவில் உருண்டு, ஒரு பப்பாளி மரத்தில் தொங்கியபோது தேவதூதனைப் பார்த்தார். மரம் ஆள் உயரம்தான். அவர் சாட்சி சொல்லச் சொல்ல அது வருஷாவருஷம் வளர்ந்தது.

இறங்கியதும் வெள்ளை அங்கி தைத்துக்கொண்டு எங்கள் சபையின் தீர்க்கதரிசி ஆனார். சபையில் அங்கி போட்டவர் செருப்புப் போடக் கூடாது. நாங்கள் அங்கியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டோம். அவர் முப்பது வருஷம் கழற்றவேயில்லை. அவர் குரலுக்குத் தகரக் கூரையில் ஆணி கழன்றது என்றால் நீங்கள் நம்ப வேண்டாம். மூன்று வருஷம் ஊமையாயிருந்த மருமகள் ஒருத்தி, அவர் ஜெபித்ததும் வாய் திறந்து மாமியாரை ஏசியதை என் காதால் கேட்டேன்.

தண்ணீரும் ஜெபமும்தான் மருந்து. ஒரு ஞாயிறு பாபா சொன்னார்: "நானே ஒருநாள் ஊசி கேட்டா, அது நான் பேசறதில்ல, பிசாசு பேசுது. என்னை விட்டுடாதீங்க. பிடிச்சு வச்சு ஜெபம் பண்ணுங்க."

ஆமென் என்றோம்.

அந்த மழைக்காலத்தில், புது ஆலயம் கட்டும் இடத்தில் துருப்பிடித்த ஆணி அவர் காலில் ஏறியது. எட்டாம் நாள் தாடை இறுகிவிட்டது. மனைவி மொரெனிகே வாசலில் டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்து, பிள்ளை பேர் சொல்லி அவரைக் கூப்பிட்டாள்.

"டினு அப்பா, ஆஸ்பத்திரி பக்கந்தான். போகலாமா?"

பல்லுக்கிடையே காற்று மாதிரி வந்தது: "ஊசி... கூட்டிட்டுப் போ."

மூப்பர் ஒகுன்ஜோபி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? இது நம்ம பாபா குரலா?"

"வாய் இறுகிப்போனா குரல் எப்படிய்யா வரும்? உன் மூளையும் இறுகிப்போச்சா?" என்றாள் மொரெனிகே.

"அம்மா, பாபா சொன்னதைத்தானே செய்யறோம்."

பாயைச் சுற்றிக் கைகோத்து நின்றோம். மணி அடித்துப் பாடினோம். ஒவ்வொரு மணியோசைக்கும் அவர் முதுகு வில்லாக வளைந்தது. பிசாசு தாங்கமாட்டாமல் துடிக்கிறது என்று இன்னும் பலமாக அடித்தோம். மொரெனிகேயைப் பிடித்துவைத்திருந்த இருவரில் நான் ஒருத்தி. அவர் கண்கள் மட்டும் டாக்ஸி நின்ற பக்கமே இருந்தன. மறுநாள் மத்தியானம் அவையும் நின்றுவிட்டன.

அடக்கத்தன்று மொரெனிகே அங்கியைக் கழற்றிவிட்டு, அவருடைய பழைய லாரிச் சட்டையைப் போட்டுவிட்டாள். வீங்கிய காலில் செருப்பை மாட்டி வார் இழுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

"அம்மா, அங்கி?" என்றார் ஒகுன்ஜோபி, தரையைப் பார்த்தபடி.

"நீயே போட்டுக்க. ஆணி இன்னும் ஆலயம் கட்டுற இடத்துலதான் கிடக்கு."