சரசக்காவின் டிபன் பாக்ஸ்

அடுத்தவர் டிபன் பாக்ஸில் கைவைப்பதில் எங்கள் பனியன் கம்பெனியில் என்னை மிஞ்ச ஆளில்லை. மண்ணரை என்ற ஊரில், சூப்பர்வைசரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். எனக்குச் செக்கிங் வேலை. துணியைவிடக் குழம்புகளைத்தான் அதிகம் செக் செய்தேன். மெஸ் சோற்றில் நொந்த பிரம்மச்சாரி என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

டெய்லர் சரசக்கா மட்டும் தினமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் பின்னாலிருந்து அவர் பாக்ஸைப் பறித்து, "ஏனுங்கக்கா, கறிக்குழம்பைத் தனியா அமுக்கறீங்களா?" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.

பாக்ஸ் காலி. கழுவித் துடைத்த காலி. இத்தனை நாளும் அக்கா சாப்பிடுவதுபோல் நடித்திருக்கிறார்.

"கொழந்தைகளுக்குப் போக மிஞ்சறதில்லீங்க தம்பி," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நான் ஓர் அன்னக்கூடை வாங்கிவந்து நடுவில் வைத்தேன். எல்லோரும் கொண்டுவந்த சோற்றை அதில் கொட்டி, அதிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டோம். யார் வெறுங்கையோடு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும் வரவில்லை. நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

தேடிப்போய், கூடையைப் பற்றிச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"நல்ல காரியமுங்க தம்பி. ஆனா அவிங்க மொகத்துல நான் எப்படீங்க முழிக்கறது?" என்றார்.

அந்தக் கூடையில் எத்தனையோ பேர் பசியாறினார்கள். என்னைப் புண்ணியவான் என்றார்கள், வெட்கமில்லாமல் தலையாட்டினேன். ஆனாலும் சரசக்கா ஒரே ஒரு நாள் வந்து, எங்களைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம் என்று மனசு இன்னும் ஏங்குகிறது.